திறப்பில் ஒட்டிய மெழுகு

இன்று அலுமாரியைத் துடைக்கையில் வேலணை வீட்டுப் பூட்டின் திறப்பு, அந்த இரும்புச் சாவி, கையில் பட்டது. அதில் ஒட்டியிருந்த கறுத்த மெழுகு இந்த வெக்கையில் இளகியிருந்தது. அதே புளித்த தேன் மணம். உமக்கு உடனே எழுத வேண்டும் போலிருந்தது. எங்கே அனுப்புவது என்று யோசிக்கவில்லை.

உமது சீதன வீட்டின் முன்கதவைக் கறையான் உள்ளே தின்றிருந்தது. அந்தப் பொள்ளலில் கொசுத்தேனீக்கள் குடிவந்தன. கொசு அளவுதான், கொட்டத் தெரியாத சீவன்கள். கிணற்றடி வேம்புக்கும் முருங்கைக்கும் போய்வர அவற்றுக்கு வாசல், திறப்பு விடும் ஓட்டை. அதில் மெழுகால் ஒரு சின்னக் குழல்கூட நீட்டி வைத்திருந்தன. நான் திறப்பை எடுத்தால் நீர் குறுக்கே நிற்பீர்.

"அதுகளின்ர வாசலுக்க இரும்பை விடாதேங்கோ."

"அப்ப கள்ளன் வந்தால்?"

"வரட்டும். உங்களைத்தான் தூக்கிக்கொண்டு போவான்."

கதவைக் கயிற்றால் கட்டிவிட்டுத்தான் கோயிலுக்கும் சந்தைக்கும் போனோம். ஊர் சிரித்தது. எனக்கும் சில நாள் எரிச்சல்தான்.

பிறகு ஷெல் விழத் தொடங்கி, ஊரே வெளிக்கிட்டது. நான் சைக்கிளில் மூட்டையைக் கட்டிவிட்டுக் கயிற்றைத் தேடினேன். நீர் உள்ளே போய்த் திறப்பை எடுத்து வந்தீர். கதவைச் சாத்தி, குழலை உடைத்துக்கொண்டு திறப்பை விட்டு, இரண்டு கையாலும் திருகினீர். இழுத்தபோது அதோடு தேனும் வழிந்து கதவில் இறங்கியது. தேனீக்கள் உமது விரல்களில் வந்து வந்து இருந்தன. நான் திகைத்து நின்றேன்.

"அப்பா கட்டின வீடு. திறந்தபடி விட்டிட்டு வர என்னால ஏலாது" என்றீர். தீவைவிட்டுப் பாலம் கடக்கும்வரை திறப்பைக் கையிலேயே வைத்திருந்தீர்.

யாழ்ப்பாணத்தில் இந்த வாடகை அறையில் காய்ச்சலோடு கிடந்தபோதும் நீர் வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"இஞ்சாருங்கோ, அதுகள் திரும்பக் கட்டியிருக்குமோ? எறும்பு ஏறியிருக்குமோ?"

"ஓம், கட்டியிருக்கும்."

"நீங்கள் போய்ப் பாத்தனீங்களோ?" என்றுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பீர்.

தீவுப் பக்கம் போக இன்னும் வழியில்லை. வந்து சொல்லவும் ஆளில்லை. நீர் கண்மூடியபின் அந்தக் கேள்வி என்னிடம் வந்துவிட்டது, நித்திரையைக் கெடுக்கிறது. திறப்பைத் துடைக்கவும் மனம் வரவில்லை.

இந்த அறையைத் திறக்குமுன் குனிந்து, பூட்டு ஓட்டையில் காதை வைத்துக் கேட்கிறேன். நேற்று வீட்டுக்காரப் பெண் கண்டுவிட்டாள்.

"என்ன அண்ணை, உள்ளுக்க ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை, தங்கச்சி" என்றேன்.