அக்காவின் உயில்

4-11-58

காலையில் தூறல். அக்காவின் காகிதங்களைப் பிரித்தேன். திருக்கோகர்ணம் வீட்டுக் கிரயப் பத்திரம் (சமஸ்தான முத்திரை), வரி ரசீதுகள், அத்தானின் மரணச் சான்று (1946). வருஷ வாரியாக அடுக்கி நூல் கட்டியாயிற்று. ஒன்றும் குறையவில்லை. மூன்று முறை பார்த்தேன். நாளை இன்னொரு முறை.

அக்காவுக்கு எழுபத்தாறு. பிள்ளை இல்லை. வீடு அவள் பெயரில். தனக்குப் பின் சிவகாமிக்கு என்கிறாள். சிவகாமி அத்தானின் இரண்டாம் தாரம். அக்காவே பார்த்துக் கட்டிவைத்தவள். முப்பது வருஷமாக இருவருக்கும் ஒரே அடுப்பு. போன மாதம் அத்தானின் தம்பி மகன் வந்து, "பெரியம்மாவுக்குப் பொறகு சின்னவங்க பொறந்த ஊருக்குப் போயிரட்டும்" என்றான். உயில் இல்லாவிட்டால் அவள் பாடு தெருதான்.

5-11-58

மழை. உயில் எழுதிப் படித்துக் காட்டினேன்.

"அவ பேருக்கு முன்னால 'என் தங்கச்சி'ன்னு போடு தம்பி."

சட்டப்படி சரியா? தெரியவில்லை. போட்டேன்.

அடுப்படியிலிருந்து சிவகாமி: "தங்கச்சின்னா உப்புக் கூடுனதுக்கு ஏன் ஏசுறீங்களாம்?"

"தங்கச்சியத்தானடி ஏச முடியும்."

7-11-58

வெயில். பதிவு ஆபீஸ். சாட்சிகள் இருவரும் நேரத்துக்கு வந்தார்கள். சார்பதிவாளர் இளவயசு.

"வீட்டுக்காரர் பேரு என்னங்கம்மா?"

அக்கா வாய் திறக்கவில்லை. கட்டிய நாள் முதல் சொல்லாத பெயர். ஆபீஸில் கேட்கக்கூடியவை என்று நான் எழுதிவைத்த பட்டியலில் பதினோரு விஷயம்; இது இல்லை. எப்படி விட்டேன்? நான் சொல்லப் போனேன்.

"நீங்க சொல்லக் கூடாதுங்க. எழுதுனது நீங்க, கூட்டியாந்ததும் நீங்க. அவங்க வாயால வரணும்."

எழுதிக் காட்டலாம் என்றால் அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. அக்கா வாசல் பக்கம் நின்ற சிவகாமியைப் பார்த்தாள்.

"ஏத்தா, காதப் பொத்திக்க."

பிறகு அத்தான் பெயரை, அவர் தகப்பனார் பெயரோடு, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். எழுதிக்கொண்டார். ரேகை வைத்தாள். பதிவு முடிந்தது.

திரும்பும்போது வண்டியில் அக்கா: "பொத்தச் சொன்னேன்ல, ஏன் பொத்தல?"

"அந்தப் பேரக் கேட்டுப் பன்னெண்டு வருசமாச்சுக்கா."



9-11-58

வானம் மூட்டம். அத்தானின் தம்பி மகன் வந்தான். அக்கா என்னைப் படிக்கச் சொன்னாள். நகலை எடுத்துப் படித்தேன். குரல் தடுமாறவில்லை. இரண்டாம் பக்கத்தில் வீடு சிவகாமிக்கு என்று வந்ததும் துண்டை உதறி எழுந்தான். உட்காரச் சொன்னேன். இன்னும் ஒரு பக்கம் இருந்தது.