குட்டைக் கியர் போட்ட கார்

பாப்பா,

இன்று காலை உன் காரை விலைக்குப் பார்க்க ஒருவன் வந்தான். உன் மாமன்தான் கூட்டிக்கொண்டு வந்தான். பதினான்கு மாதமாக டிராக்டர் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிற கார். கதவைத் திறந்ததும் உள்ளே அடைபட்டுக் கிடந்த வாடை முகத்தில் அடித்தது. கியர் எண்ணெயும் புது ரப்பரும் கலந்த வாடை. கை முழுக்கப் பூசிக்கொண்டு, சோப்புப் போட்டும் போகாமல், அந்தக் கையோடேயே நீயும் நானும் சோறு தின்றோமே, அதே வாடை. வந்தவனுக்கு அதெல்லாம் என்ன தெரியும்? ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்தான். கியர்த் தண்டின் தலையைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தான். அது கொஞ்ச தூரம்தான் நகர்ந்தது. உன் மாமனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டான்.

"இந்தக் குட்ட கியர வச்சிகினு பறந்துதான் அந்தப் பொண்ணு போச்சா?"

உன் மாமன் இல்லை என்று சொல்லவில்லை. செல்போனைப் பார்த்தபடி நின்றான்.

நான் வந்தவனை இறங்கச் சொன்னேன். அவன் விளங்காமல் விழித்தான். சட்டையைப் பிடித்துத்தான் இறக்கினேன். அறுபத்து மூன்று வயதில் இன்னொருவன் சட்டையைப் பிடித்தேன் என்று நீ கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டாய்.

நீ அந்தக் காரில் சாகவில்லை. நம் ஊர் ஏம்பலத்தில் பாதிப் பேருக்கு இது தெரியும். தெரிந்தும் பேச்சு என்று வந்தால் காரைத்தான் சொல்கிறார்கள்.

அந்தக் காரை நீ வாங்கியபோது நானும் கத்தினேன். மறைக்கப் போவதில்லை. இரண்டு கதவு, இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், தரையோடு தரையாகக் கிடக்கும். பாண்டியில் ஒரு குடும்பம் பிரான்சுக்கே குடிபோன பிறகு ஷெட்டில் ஆறு வருடம் தூங்கிய வண்டி. "கரும்பு ஒரு கட்டு ஏத்த முடியுமா இதுல?" என்று கேட்டேன். கல்யாண வயதில் எந்தப் பெண்ணாவது பந்தயக் கார் வாங்குவாளா என்று உன் அம்மா மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. நீ யார் பேச்சையும் கேட்கவில்லை. வில்லியனூர் தாண்டி இருக்கிற ஆலையில் தரம் பார்க்கிற வேலை உனக்கு. ஆயிரம் உருப்படியில் மயிரிழை கோணலான ஒன்றைக் கண்டுபிடித்து ஒதுக்கிவைப்பவள். உன் வேலை, உன் சம்பளம், உன் விருப்பம். நான் எதைச் சொன்னாலும் சிரித்துவிட்டுப் போய்விடுவாய்.

சென்னைப் பக்கத்தில் ஏதோ ஒரு மைதானத்தில் கூம்புகளை நட்டுவைத்து, அவற்றின் நடுவே வளைந்து வளைந்து ஓட்டி நேரம் பார்ப்பார்களாமே, அதற்கு இரண்டு முறை போய் வந்தாய். வந்ததும் கியரைத்தான் குறை சொன்னாய். ரொம்ப நீளம், ரொம்ப ஆட்டம். "ரெண்டுலேர்ந்து மூணுக்குப் போறதுக்குள்ள ஒரு வா சோறு துன்னுடலாம் நைனா" என்றாய். கம்பெனி கொடுத்த தண்டைக் கழற்றிவிட்டு, வெளியில் செய்து விற்கிற குட்டைத் தண்டு ஒன்றை வரவழைத்தாய். கையடக்கமாக, பளபளவென்று ஒரு எஃகுத் துண்டு. இத்தனூண்டு இரும்பு என்ன மாற்றிவிடும் என்று எனக்கு இளக்காரம். டிராக்டர் கியர் போட்டே முப்பது வருடம் பழகியவன் நான். கியர் என்றால் கையை நீட்டி, தோளைச் சாய்த்துப் போட வேண்டும்.

நீ என்னை ஷெட்டு மூலைக்கு அழைத்துப் போய் கடப்பாரையைக் காட்டினாய். பாறையைப் புரட்டும்போது அடியில் முட்டுக் கொடுக்கிற கல்லை நகர்த்தினால் என்ன ஆகும் என்று கேட்டாய். பாறைக்குக் கிட்டே வைத்தால் கை ரொம்ப தூரம் இறங்கும், பாரம் தெரியாது. தள்ளி வைத்தால் கை கொஞ்சம்தான் இறங்கும், ஆனால் அழுத்திப் போட வேண்டும் என்றேன். "அவ்ளோதான். இதுல முட்டுக்கல்ல மேல ஏத்தி வச்சிருக்காங்க" என்றாய். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. இத்தனை வருடம் நான் கையால் அறிந்து வைத்திருந்ததை நீ ஒரே வரியில் சொல்லிவிட்டாய் என்று பொறாமையாகக்கூட இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆரம்பித்தோம். கியர்க் குமிழைத் திருகி எடுத்தாய். நடுவில் இருந்த பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்றினாய். மேல் ரப்பர், கீழ் ரப்பர், மூன்று போல்ட்டு. பழைய தண்டை உருவியபோது கறுப்பாக எண்ணெய் சொட்டியது. கீழ் ரப்பர் நாலாபக்கமும் கிழிந்திருந்தது. உள்ளே இருந்த கெட்ட எண்ணெயை ஊசிக் குழாயால் உறிஞ்சி எடுத்துப் புதிதாக ஊற்றினாய். நீ உள்ளே குனிந்திருக்க, நான் வெளியில் மண்டிபோட்டு ஒவ்வொரு உருப்படியாகத் துடைத்துக் கொடுத்தேன். கிண்ணி மாதிரி குழிந்த ஒரு வாசர் இருந்தது. அதை மாட்டுகிற வேலையை மட்டும் எனக்கு விட்டாய்.

எல்லாம் பூட்டிப் பார்த்தால் ரிவர்ஸ் விழவில்லை. நான் பலத்தைப் போட்டு அழுத்தப் போனேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். மறுபடி எல்லாவற்றையும் கழற்றினாய். வாசரை நான் தலைகீழாகப் போட்டிருந்தேன். எப்படி இருக்கும் என்று ஒரு குத்துமதிப்பில் போட்டதுதான். நீ கோபப்படவில்லை. "தெரியலன்னா கேளு நைனா. இதுல குத்துமதிப்பு ஆவாது" என்று மட்டும் சொன்னாய். திருப்பிப் போட்டதும் ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது.

அதோடு ஓட்டிப் போவாய் என்று பார்த்தேன். நீ சாவியை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டாய். கிழிந்த கீழ் ரப்பருக்குப் பதில் புதியது வர வேண்டுமாம். அது இல்லாமல் ஓட்டினால் சூடும் புகையும் உள்ளே வரும், எண்ணெய் தெறிக்கும் என்றாய். சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று பதினோரு நாள் காத்திருந்தாய். ஒரு ரப்பர் உறைக்காகப் பதினோரு நாள். அது வந்து மாட்டிய பிறகுதான் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தாய். பெல்ட்டை நீயே இழுத்துப் பூட்டினாய். பண்டசோழநல்லூர் வரைக்கும் போய் வந்தோம். நீ மணிக்கட்டை மட்டும் அசைத்தாய், கியர் மாறிக்கொண்டே இருந்தது. நாற்பதைத் தாண்டவில்லை. ஊருக்குள் வரும்போது நாய்க்கும் கோழிக்கும் நின்று நின்று வந்தாய். இதுதான் நீ ஓட்டிய லட்சணம். இதைத்தான் பறந்தாள் என்கிறார்கள்.

அந்த நாளைப் பற்றியும் எழுதுகிறேன். யாரும் எழுதாததை நான்தான் எழுத வேண்டும்.

சாயங்காலம் நாலரை மணி. மோட்டார் பம்புக்கு வாசர் ஒன்று போய்விட்டது. மறுநாள் காலையில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சியாக வேண்டும். கரிக்கலாம்பாக்கம் கடையில் கிடைக்கும் என்று உன்னை ஸ்கூட்டரில் போகச் சொன்னேன். நீ ஹெல்மெட்டைத் தேடினாய். அது காருக்குள் இருந்தது, ஷெட் பூட்டியிருந்தது. சாவி எடுக்க உள்ளே திரும்பினாய். நான் சொன்னேன்.

"தோ இருக்குற கரிக்கலாம்பாக்கத்துக்கு இன்னாத்துக்குடி ஹெல்மெட்டு? மானம் கறுத்துகினு வருது. சட்டுனு போய்ட்டு வா."

நீ ஒரு விநாடி நின்றாய். பிறகு சரி என்று போய்விட்டாய்.

வழியில் இடது கைப் பக்கம் இருந்த நெல் வயல்களை மண் கொட்டி மேடாக்கி மனை போட்டுக்கொண்டிருந்தார்கள். டிப்பர் லாரிகள் சிந்திவிட்டுப் போன செம்மண் சாலையில் அடை அடையாகக் கிடந்தது. தூறல் விழுந்ததும் அது சேறாகிவிட்டது. எதிரே டிப்பர் ஒன்று வந்திருக்கிறது. நீ ஓரம் ஒதுங்கி பிரேக் பிடித்திருக்கிறாய். வண்டி வழுக்கியது. லாரி உன் மேல் படக்கூட இல்லை. மனை எல்லைக்கு நட்டிருந்த கல்லில் உன் தலை மோதியது. பார்த்த ஆள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். முப்பதுக்கு மேல் நீ வரவில்லை என்று அவர் சூடம் அடித்துச் சொன்னார்.

மூன்றாம் நாள் பேப்பரில் உன் படம் வந்தது. உன் செல்போன் படங்களிலிருந்து எடுத்தது. காரில் சாய்ந்து நிற்கிறாய். மேலே, கார் பந்தயப் பிரியை விபத்தில் பலி என்று போட்டிருந்தார்கள். ஸ்கூட்டர் என்கிற சொல் கடைசி வரியில் இருந்தது. மண்ணைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அந்த நிருபரிடம் பேசியது உன் மாமன். பாப்பா வேகமா ஓட்டும், காரைக்கூட மாற்றிக் கட்டியிருந்தது என்று அவன்தான் சொல்லியிருக்கிறான். அந்த மனைகளை விற்றுக்கொடுப்பதும் அவன்தான். அந்த மண் கொட்டச் சொன்னதும் அவன்தான். சாவு வீட்டில் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதவனும் அவன்தான்.

உன் அம்மாவுக்கு அவன் தம்பி. அதனால் பதினான்கு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று காலை முடியவில்லை. வந்த ஆளை விரட்டிய பிறகு அவன் பக்கம் திரும்பினேன்.

"அந்த ரோட்டுல கெடந்தது யாரு மண்ணுடா?"

அவன் முகம் வெளிறிப் போனது. மண் கொட்டினது நான் மட்டுமா, ஊரே மனை போடுகிறது என்றான். நான் விடவில்லை. பேப்பர்காரனிடம் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். என் மகளை ஏன் திமிர் பிடித்தவளாக ஆக்கினாய் என்று கேட்டேன். அப்போதுதான் அவன் சொன்னான்.

"மண்ணு இருந்துது, இல்லங்கல. ஹெல்மெட்டு போட்டிருந்தா பொழச்சிருக்கும் மாமா. அது தப்புக்கு என்னைய இன்னா பண்ணச் சொல்ற?"

அவன் என்னை ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பைக்கை எடுத்துப் போய்விட்டான். அது செய்த தப்பு என்கிறான். உன் தப்பாம். ஷெட்டு வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன், நீ சாவி எடுக்கத் திரும்பியதை அறிந்த நான்.

உன் மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? காலேஜில் எதைப் படிப்பது என்று நான் சொன்னேன், கேட்கவில்லை. மாப்பிள்ளை பார்த்தேன், கேட்கவில்லை. கார் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. சைக்கிள் டியூப் போதும் என்றேன், கேட்கவில்லை. என்னிடம் குத்துமதிப்பு ஆகாது என்று சொன்ன வாயால் அன்றைக்கும் ஆகாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடம் சாவி எடுத்துவந்திருந்தால் நான் என்ன செய்துவிடப் போகிறேன், முணுமுணுத்திருப்பேன். இருபத்தாறு வருடத்தில் ஒரே ஒரு தடவை என் பேச்சைக் கேட்டாய் பாப்பா. ஏன் கேட்டாய்?

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. போலீசிடம் சொல்லவில்லை. அவள் எப்போதும் போட்டுக்கொள்வாள், அன்றைக்கு மறந்துவிட்டாள் என்றேன். உன் அம்மாவிடமும் அதேதான். உன் மாமன் ஒரு பொய் சொன்னான். நானும் ஒன்று சொன்னேன். இரண்டும் உன் தலையில்தான் விழுந்தன.

மத்தியானம் உன் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன். காரை விற்கப் போவதில்லை என்றேன். அந்தக் கார் வந்ததிலிருந்துதான் குடும்பம் கெட்டது என்று இத்தனை நாள் சொல்லி வந்தவள், கீரையையே ஆய்ந்துகொண்டிருந்தாள். பிறகு நான் சொல்லிவிட்டேன். ஹெல்மெட் வேண்டாம் என்று சொன்னது நான்தான், அவள் சாவி எடுக்கத் திரும்பினாள், நான்தான் துரத்திவிட்டேன் என்று. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்.

"தெரியும். நான் அடுப்பாண்ட தான் நின்னுகினு இருந்தேன். நீங்க சொன்னது காதுல வுழுந்துது. போட்டுகினு போடின்னு சொல்ல வா வரைக்கும் வந்துச்சி. கொடில துணி கெடந்துது, மழ வந்துடுமேன்னு அத எடுக்கப் போய்ட்டேன்."

பதினான்கு மாதம் ஒரே வீட்டில், ஒரே தட்டில் சோறு போட்டுத் தின்றோம். அவளுக்கு என்னுடையது தெரியும். எனக்கு அவளுடையது தெரியாது. அவள் காரைத் திட்டிய ஒவ்வொரு தடவையும் யாரைத் திட்டினாள் என்று இப்போதுதான் விளங்குகிறது.

நாளைக்கு அந்தப் பேப்பர் ஆபீசுக்குப் போகிறேன். அவர்கள் திருத்திப் போடுவார்களா என்று தெரியாது. போடாவிட்டாலும் மண்ணையும் சொல்வேன், கல்லையும் சொல்வேன், நான் சொன்னதையும் சொல்வேன். உன் மாமன் இனி இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது என்று உன் அம்மாவே போன் போட்டுச் சொல்லிவிட்டாள். அவள் குரலை அப்படி நான் கேட்டதில்லை.

கோபம் ஆறும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. சோறு தின்னும்போது கூடவே உட்காருகிறது, வயலுக்குப் போனால் கூடவே வருகிறது. முன்பு அது ஊரார் மேல் இருந்தது, பிறகு உன் மேல் இருந்தது. இப்போது எங்கே போகவேண்டுமோ அங்கே, என் மேலேயே வந்து சேர்ந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் மிச்ச நாளை ஓட்ட வேண்டும்.

இதை எழுதும்போது உன் அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். யாருக்கு என்று கேட்டாள். உனக்கு என்றேன். கிட்டே வந்து உட்கார்ந்தாள்.

"நான் துணி எடுக்கப் போனத எழுதுனீங்களா?"

எழுதிவிட்டேன் என்றேன். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டாள். காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.