நீலச் சேலை வெயிலில் காய்கிறது

அடி புஷ்பா, என் உயிரே,

உன் மகள் பெரிய மனுஷி ஆகிவிட்டாள். இந்தச் செய்தியை முதலில் உன்னிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே லயத்து வரிசை வீடுகளில் சுவருக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான் என்று வளர்ந்தோம். நீ இருந்திருந்தால் நான் வாயைத் திறப்பதற்கு முன்னாடியே என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பாய்.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தர்ஷினி புத்தகப் பையை முதுகில் போடாமல், பின்னால் தாழப் பிடித்துக்கொண்டு வந்தாள். வெள்ளைச் சீருடை அல்லவா? வழுக்குகிற படிக்கட்டு முழுக்க அப்படியே ஏறி வந்திருக்கிறாள். தேயிலைக் கொழுந்தை எடை நிறுத்துவிட்டு வந்துகொண்டிருந்த என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டாள்.

"சித்தி, எனக்கு என்னமோ ஆயிடுச்சு."

"ஒண்ணும் ஆகலடி. ஒங்க அம்மாவுக்கும் எனக்கும் ஆனதுதான்" என்றேன். அம்மா என்றதும் இன்னும் அழுதாள். எந்த நேரத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்று என் வாய்க்கு என்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது?

கொஸ்லந்தையிலிருந்து உன் நாத்தனார் அன்றைக்கே பஸ் பிடித்து வந்துவிட்டார். வீட்டு மூலையில் சேலை மறைப்பு கட்டி, குறுக்கே உலக்கையைப் போட்டு, தனித் தட்டு, தனிக் கோப்பை கொடுத்துப் பிள்ளையை உட்கார வைத்தார். அப்பா முகத்தில் முழிக்கக்கூடாது. தாய்மாமன் சீர் கொண்டுவந்த பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும், அதுவரைக்கும் குளிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

அந்தத் தாய்மாமன், அதுதான் உன் அருமைத் தம்பி, கொழும்பில் கடையில் நிற்கிறான். முதலாளி லீவு தரவில்லையாம். "வந்துருவேன்க்கா, வந்துருவேன்" என்று வீடியோ காலில் தினமும் தலையைச் சொறிந்தான். இங்கே பிள்ளை குளிக்காமல் காத்துக்கொண்டிருந்தது.

நாத்தனாரை நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். விடியக்காலையில், தோட்டத்தில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஆட்கள் கிளம்புவதற்கு முன்பே எழுந்து உளுந்தங்களி கிண்டினார். நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்தார். ஆனால் நான் வாங்கிக் கொடுத்த பேட் பாக்கெட்டை அலுமாரி மேலே ஏற்றிவிட்டார். தண்ணீர் ஊற்றும் வரைக்கும் துணிதானாம். உன்னுடைய நீலப் பூப்போட்ட வாயில் சேலையைத்தான் கிழித்துக் கொடுத்திருக்கிறார். வேறு சேலையே கிடைக்கவில்லையா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் பிள்ளை அந்தத் துண்டை முகத்தில் ஒற்றிக்கொள்வதைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் ரொட்டி கொண்டுபோனேன். ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மறைப்புக்குள்ளே ஈரத்துணி வாடை.

"என்னடி செய்யுது?"

"ஒண்ணுமில்ல சித்தி." ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "எரியுது சித்தி. நடக்க முடியல" என்றாள்.

மறைப்புக்குள் இருந்த கட்டிலுக்கு அடியில் ஒரு கயிறு கட்டியிருந்தாள். அதில் உன் சேலைத் துண்டுகள் தொங்கின. ஆம்பளைகள் கண்ணில் படக்கூடாது என்று அத்தை சொன்னாராம். இந்த மலைப் பனியில் வெளியில் போட்ட போர்வையே காய மாட்டேன் என்கிறது, கட்டிலுக்கு அடியில் எது காயும்? ஈரத்தோடேயே எடுத்து மறுபடியும் வைத்திருக்கிறாள். தொடையெல்லாம் சிவந்து புண்ணாகியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வாள், சொல்லு?

நாமும் இப்படித்தானே புஷ்பா? தேயிலைச் செடிக்கு அடியில் துணியை ஒளித்து வைத்தோம். நான் பீலித் தண்ணீரில் அலசும்போது நீ மேட்டில் காவல் நிற்பாய். ஆள் வந்தால் இரும வேண்டும் என்று பேச்சு. உனக்கு உண்மையிலேயே தடிமன் பிடித்த அன்றைக்கு, நீ இருமிய இருமலில் நான் பாதித் துணியைத் தண்ணீரில் விட்டுவிட்டு ஓடியது ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அதை இன்னொரு தடவை கேட்க என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

அடுப்பில் பெரிய பானையை ஏற்றினேன். நாத்தனார் குறுக்கே வந்தார்.

"மாமன் வராம தண்ணி ஊத்துறதுக்கு நீ யாரு? அவளுக்கு நீ என்ன முறை?"

என்ன முறை என்று சொல்வது? கூடப் பிறக்கவும் இல்லை, கொண்டு கொடுக்கவும் இல்லை. கையில் அகப்பையோடு நின்றேன்.

மறைப்புக்குள்ளேயிருந்து குரல் வந்தது. "சித்தி முறை, அத்தே."

உன் வீட்டுக்காரர் வாசலில், முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. "தங்கச்சி, தண்ணி சூடாயிருச்சாம்மா?" என்று மட்டும் கேட்டார். நாத்தனார் அவரையே பார்த்தார். அப்புறம் குனிந்து உலக்கையை எடுத்துச் சுவரோரம் வைத்தார்.

தலைக்கு ஊற்றவில்லை. அந்த உரிமை உன் தம்பிக்கே இருக்கட்டும் என்று விட்டேன். மேலுக்கு மட்டும் வெதுவெதுப்பாக ஊற்றினேன். எனக்கும் உனக்கும் யாரும் சொல்லாததையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். முன்பக்கமிருந்து பின்பக்கமாகக் கழுவு, வெறும் தண்ணீர் போதும், உள்ளே சவர்க்காரம் போடாதே, நனைந்து ஊறும் வரைக்கும் வைத்திருக்காதே, துணியை நல்லாச் சவர்க்காரம் போட்டுத் துவைத்து வெயிலில் காய வை. "அம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா சித்தி?" என்று கேட்டாள். தெரியாதுடி, தெரிந்திருந்தால் உனக்குச் சொல்லத்தான் முதலில் ஓடி வந்திருப்பாள் என்றேன். மறுநாள் மிட்வைப் மிஸ்ஸிடம் கூட்டிப் போனேன். களிம்பு எழுதிக் கொடுத்தார். புண் ஆறிவிட்டது, நீ கவலைப்படாதே.

உன் தம்பி ஒருவழியாகச் சீர்த்தட்டோடு வந்து சேர்ந்தான். பட்டுச்சேலை கட்டித் தர்ஷினியை உட்கார வைத்தபோது, அந்த நாடியும் நெற்றியும் அப்படியே நீ. நான் குசினிக்குப் பின்னால் போய் அழுதேன். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், இதைப் பார்க்கவாவது திரும்பி வந்திருக்கக்கூடாதா?

இந்த மாதம் நடந்ததையும் கேள். உன் வீட்டுக்காரர் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கொய்யா மரத்துக்கும் வாசல் தூணுக்கும் ஒரு கம்பி இழுத்துக் கட்டியிருக்கிறார். லயத்தில் முதல் வெயில் விழுகிற இடம் அதுதான். தர்ஷினி பள்ளிக்கூடத்துக்குப் பேட் கொண்டுபோகிறாள். வீட்டில் இருக்கும்போது உன் சேலைத் துண்டுதான் வேண்டுமாம். இன்று காலை அவற்றைத் துவைத்துக் கம்பியில் போட்டாள். வந்திருந்த நாத்தனார் பழக்கதோஷத்தில் அப்பாவின் சட்டையை எடுத்து மேலே மூடினார். பிள்ளை சண்டை போடவில்லை. சட்டையை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுத் தலை சீவ உள்ளே போய்விட்டாள்.

நான் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பனி விலகி வெயில் வந்தது. எல்லோரும் போய் வருகிற பாதையில், எல்லோர் கண்ணும் பார்க்க, உன் நீலப் பூக்கள் காய்ந்தன. ரோட்டில் ஆள் வரும் சத்தம் கேட்டதும் துணியை எடுக்க எழுந்துவிட்டேன். பழைய பழக்கம், உன் இருமலுக்காகக் காதைத் தீட்டினேன்.

ஒரே ஒரு தடவை இருமேன்டி. திரும்பிப் பார்க்கிறேன்.

நீ கவலைப்படாதே. அவள் துணி இனி ஒரு நாளும் இருட்டில் காயாது. அதற்கு நான் பொறுப்பு. என்ன முறை என்று இனி யார் கேட்டாலும் சொல்வதற்கு எனக்கு வாய் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் மகளின் சித்தி,
விஜி