மங்களேஸ்வரியின் இடது கன்னம்

மங்களேஸ்வரி,

நேற்று மதியம் சாப்பாட்டில் நீ, நான், மகள் சிவநந்தினி, மருமகன் ரமணன், சம்பந்தி இராசமாணிக்கம், அவர் மனைவி இருந்தோம். "என்ன சம்பந்தி, சாப்பிடுறப்ப அழுறீங்க?" என்று அந்தம்மா கேட்டதும் நீ எழுந்து போனாய். நான் வாய் திறக்கவில்லை. கன்னத்துக் கட்டி புற்றுநோய் இல்லை என்று தெரிந்த பிறகும், அதை வெட்டி எடுத்ததைச் சம்பந்தி வீட்டில் சொல்லக்கூடாது என்றவன் நான்தானே. இரவும் நீ சாப்பிடவில்லை.

குழைந்த சோறும் ரசமும் மூடி வைத்திருக்கிறேன். வலது பக்கமாக மென்று சாப்பிடு.

அலுவிகாரையில் சம்பந்தி வீட்டுக்குப் போய் அவர்களிடம் நானே சொல்லிவிட்டு வருகிறேன்.

பி.கு.: நான் கொடுமைப்படுத்தி நீ சோற்றில் கண்ணீர் விடுகிறாய் என்று அங்கே பேச்சாம், காலையில் மகள் போனில் சொன்னாள். அது கண்ணீர் இல்லை. ஒப்பரேஷனில் அறுபட்ட நரம்பு மாறி வளர்ந்ததால், சாப்பிடும்போது அந்தக் கன்னம் வியர்க்கிறது என்று டாக்டர் சொன்னாரே.