சிங்கப்பூர்க் கடிதத்தின் கடைசி வரி

மயிலாப்பூர்,
8 ஜூன் 1946

அன்புள்ள ரகுபதி அண்ணாவுக்கு, நீரஜா அநேக நமஸ்காரங்களுடன் எழுதுவது.

இங்கே உடம்பளவில் எல்லோரும் சௌக்கியம். நாகபுரியில் வெயில் தாங்கவில்லை என்று மன்னி எழுதியிருந்தாள். குழந்தைகளை மத்தியானத்தில் வெளியே விடவேண்டாம் என்று சொல்லு.

முதலில் நல்ல செய்தி. மெட்ரிகுலேஷன் தேறிவிட்டேன். போன வருஷம் என்னைக் கவிழ்த்த இங்கிலீஷிலும் தேறியிருக்கிறேன். என்னோடு சேர்ந்து படித்த ஜமீலுன்னிசாவும் தேறிவிட்டாள். கச்சேரி ரோட்டில் தையல் கடை வைத்திருக்கும் காதர் சாயபுவின் மகள். நான் தற்காலிகமாகப் பாடம் சொல்லும் பள்ளியில் அவள் தையல் டீச்சர். மணி அடித்துப் பெண்கள் எல்லாம் போன பிறகு, காலி வகுப்பில் உட்கார்ந்து படிப்போம்.

போன வருஷம் நான் ஏன் தோற்றேன் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். பரீட்சையில் ஒரு பத்தியைக் கொடுத்துக் கீழே கேள்விகள் கேட்பார்கள் அல்லவா? அதில் ஒரு துறைமுகக் காவல்காரன் தினமும் சாயங்காலம் திரும்பி வரும் படகுகளை எண்ணுகிறான். ஏன் எண்ணுகிறான் என்று கேள்வி. அவனுடைய மனுஷர் யாரோ கடலுக்குப் போய்த் திரும்பவில்லை என்று நான் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். "எண்ணுறது அவன் வேலைன்னு மொத வரியிலயே போட்டுக்கீது. நீ எழுதினது பத்தியில இல்லே நீரஜா, உன் மனசுல கீது" என்றாள் ஜமீலா. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு, பதில் எழுதுமுன் இது எந்த ஜாதிக் கேள்வி என்று பார்க்கப் பழகினோம். சிலதற்குப் பதில் பத்தியிலேயே அப்படியே கிடக்கும், எடுத்து எழுதினால் போதும். சிலது ஒரு வார்த்தைக்கு அந்த இடத்தில் என்ன பொருள் என்று கேட்கும். சிலதற்கு, எழுதாமல் விட்டதைச் சொன்னதிலிருந்து நாமே ஊகிக்கவேண்டும். எனக்கு வெகுநாள் பிடிபடாதது, எழுதினவர் இதை எதற்காக எழுதினார் என்ற கேள்விதான். அதற்குக் கடைசி வரி வரை படித்தாகவேண்டும்.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது சிங்கப்பூரிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. ஜப்பான்காரன் ஊரைப் பிடித்த நாளிலிருந்து நாலு வருஷமாக என் அகத்துக்காரரிடமிருந்து ஒரு வரி கிடையாது. அவர் குமாஸ்தாவாக இருந்த கம்பெனி இப்போதுதான் மறுபடி திறந்து எழுதியிருந்தது. அவர் சித்தப்பா ஸ்ரீனிவாசராகவன் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்துத் தமிழில் சொன்னார். 1943 ஜூன் மாதம் சயாம் எல்லையில், ஜப்பான்காரன் ரயில் பாதை போடப் பிடித்துப்போன ஆட்களின் முகாம் ஒன்றில் இருந்தாராம். காய்ச்சல்காரர்கள் கூட்டத்தோடு அவரை வேறு முகாமுக்கு அனுப்பினார்களாம். அப்போதுதான் அவரைக் கடைசியாகப் பார்த்தார்களாம். சித்தப்பா அதோடு நிறுத்திவிட்டார்.

"கடைசியான்னு எழுதிட்டான். இன்னும் என்ன இருக்கு?" என்றார். குரல் உடைந்துவிட்டது. தூக்கி வளர்த்தவர் இல்லையா?

"வேற எடத்துக்கு அனுப்பிச்சான்னா ஆஸ்பத்திரிக்குத்தானே? குணமாயிருப்பான்" என்றாள் மாமியார்.

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கடிதத்தை வாங்கித் திருப்பினேன். பின்பக்கம் ஒரே ஒரு வரி இருந்தது. அவரைப் பற்றிக் குடும்பத்தாருக்கு ஏதாவது தகவல் கிடைத்திருந்தால் தயவுசெய்து தெரிவிக்கவும் என்று.

"சித்தப்பா, இவா நமக்குச் சொல்றதுக்காக எழுதலை. நம்மளைக் கேக்கறதுக்காக எழுதியிருக்கா. அவாளுக்கும் தெரியலை" என்றேன்.

சித்தப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அந்த வரியைத் தானே படித்தார். பிறகு, "அப்போ நீயே பதில் எழுதும்மா" என்றார்.

எழுதினேன். அவரைக் கடைசியாகப் பார்த்தவர் யார், எந்த முகாமுக்கு அனுப்பினார்கள், அந்தக் கூட்டத்தில் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். ஜமீலா இரண்டு இடத்தில் திருத்தினாள். தபாலில் போட்டுவிட்டுப் பரீட்சைக்குப் போனேன்.

மே மாதம் பதில் வந்தது. அந்தக் கூட்டத்தில் திரும்பியவர்கள் பதினோரு பேர். அதில் அவர் பெயர் இல்லை. இறந்தவர்கள் என்று ஒரு ஜாபிதா இருக்கிறது. அதிலும் அவர் பெயர் இல்லை. மற்றபடி எங்களுக்கு ஒன்றும் தெரியாது, வருந்துகிறோம் என்று முடித்திருந்தார்கள். அவ்வளவுதான்.

சித்தப்பாவுக்கு இது போதுமாக இருந்தது. இந்த ஆனியோடு மூன்று வருஷம் ஆகிறது, காரியங்களைச் செய்துவிடலாம் என்று உனக்கு எழுதியிருக்கிறார். தாலி இழந்தவளுக்குப் பிறந்தகத்தில் போடும் கோடிப் புடவையோடு உன்னை வரச் சொல்லியிருக்கிறார் என்றும் அறிந்தேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. "அவன் தண்ணி கேட்டுண்டு அலையறான்னு தோண்றதும்மா, என்னால பொறுக்க முடியலை" என்று என் எதிரில் அழுதார்.

அண்ணா, நான் அசடு இல்லை. எழுதாமல் விட்டதை ஊகிக்க எனக்கும் தெரியும். காய்ச்சல், காடு, மழைக்காலம், மூன்று வருஷ மௌனம். இதைச் சேர்த்துப் படித்தால் என்ன வரும் என்று மாமியாருக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஊகித்ததை ஊகம் என்றுதான் எழுதவேண்டும். பார்த்தது என்று எழுதக்கூடாது. அவர் இல்லை என்று ஒருவர், பார்த்த ஒருவர், சொல்லட்டும். அன்றைக்கு நானே குங்குமத்தை அழித்துக்கொள்கிறேன். யாரும் கையைப் பிடிக்கவேண்டாம். திரும்பிய பதினோரு பேருக்கும் தனித்தனியாக எழுத விலாசம் கேட்டிருக்கிறேன்.

ஜூலையில் டிரெயினிங் பள்ளியில் ஆசிரியைப் படிப்புக்கு எடுக்கிறார்கள். ஜமீலாவும் நானும் விண்ணப்பம் வாங்கினோம். அதில் விவாகமானவளா, விதவையா என்று ஒரு கேள்வி. விவாகமானவள் என்று மையால் எழுதிவிட்டேன். கீழே உறவில் ஆண்பிள்ளை ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். சித்தப்பா பேனாவைத் திறந்தார், அந்த வரியைப் பார்த்தார், மூடி வைத்துவிட்டார். அவருக்கு மனசு வரவில்லை.

விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் எழுதியிருப்பதை ஒரு தரம் படித்துப் பார். பொய் என்று உனக்குத் தோன்றினால் போடாதே, நான் வருத்தப்படமாட்டேன். தோன்றாவிட்டால் கையெழுத்துப் போட்டு இருபதாம் தேதிக்குள் கிடைக்கும்படி அனுப்பு. நீயே வருவதாக இருந்தால் இன்னும் நல்லது. வெறுங்கையோடு வா, அண்ணா.

மன்னிக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் தங்கை
நீரஜா அனந்தராமன்