நக்கனின் கழுவேற்றத்துக்கு முத்திரை கேட்ட ஆணைக்கு மறுமொழி

இட்டுவிடலாம், முத்திரையைச் சற்று அழுத்தினால் போதும், அரக்கு ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். தங்கள் ஆணையைப் படித்ததும் என் நெஞ்சில் முதலில் எழுந்த நினைவு இதுவே. அதை மறைத்துவிட்டு வாழ்த்துரைக்க எனக்கு நா எழவில்லை.

மலைகளையும் பேரணையையும் ஒரு குடைக்கீழ்க் காக்கும் நீள்வரை நாட்டுக் கோமான் மாவண்சேந்தப் பெருமானடிகளின் திருமுன்பு, அரண்மனைக் கணினிச்சாலைத் தலைவி பூதிநங்கை பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் கோல் கோடாதிருக்க. தங்கள் நீர்நிலைகள் கரைக்குள் நிற்க.

பேரணையின் கீழிருந்த நாணற்குடி நீரோடு போயிற்று. அணை திறக்கும் செய்தி அவ்வூருக்கு எட்டவில்லை. அச்செய்தியை அனுப்பவேண்டிய கணினிக் காவலன் நக்கன் வைஃபையைத் தானே அணைத்துவிட்டான் என்று நான் முத்திரையிட்டுச் சான்றளித்தால், அவன் கழுவேறுவான் எனப் பணித்தீர்கள்.

அணைக்கோட்டைக்குச் சென்று அவனுடைய மடிக்கணினியைப் பார்த்தேன். வைஃபைக் குறியே திரையில் இல்லை. கணினியை அணைத்து மீண்டும் இயக்கினேன்; பயனில்லை. உள்ளே தேடியபோது, தங்கள் ஆணைப்படி அரண்மனைச் சங்கு ஊதியதும் எல்லாக் கணினிகளிலும் ஏற்றப்பட்ட புதுப்பிப்பு, அலையைப் பிடிக்கும் பழைய டிரைவரை நீக்கித் தனக்குரியதை வைத்திருக்கக் கண்டேன். மற்றக் கோட்டைகளின் புதுக்கணினிகள் அதை ஏற்றன. அணையின் பழங்கணினி ஏற்கவில்லை. பழைய டிரைவருக்குத் திருப்பினேன். வெற்றிலை மெல்லும் நேரத்தில் இணைப்பு வந்தது.

அவ்வளவு எளிதாக வந்ததுதான் என்னை உலுக்கிற்று. திறந்த சாளரத்தின் கீழே, நாணற்குடி இருந்த இடத்தில் சேறு காய்ந்துகொண்டிருந்தது.

இதை நக்கனும் அறிவான். புதியது எதுவும் முகூர்த்தத்தில் எங்கும் ஒருங்கே ஏறவேண்டும், ஏறியதை இறக்குவது அபசகுனம் என்பது நம் அரண்மனை வழக்கம். பழையதற்குத் திரும்ப அவன் இசைவு கேட்டபோது, முகூர்த்தத்தில் கட்டிய தாலியை அவிழ்த்துப் பார்ப்பாயோ என்று அணைக்கோட்டைத் தலைவர் இகழ்ந்தாராம். பின் அவன் அணை திறக்கும் செய்தியோடு நாணற்குடிக்குக் குதிரையாளை விடுத்தான். குதிரையை வெள்ளம் முந்திற்று.

சிறையில் அவனைக் கண்டேன். தன் உயிரைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது அலை வருகிறதா என்று மட்டும் வினவினான். வருகிறது என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

பெருமானே, அஞ்சுகிறேன். மறுப்பவருக்கு நேர்வதை இவ்வரண்மனையில் கண்டே வளர்ந்தவள் நான். ஆயினும் அணைத்தது அவன் கையன்று. அணைந்தது தங்கள் ஆணையால். இனி எப்புதுப்பிப்பும் முதலில் ஒரு கணினியில் மட்டும் ஏறட்டும். பழுதானால் இறக்கவும் இசைவு இருக்கட்டும்.

கணினிச்சாலை முத்திரையிட்டு இவ்வோலையை விடுத்தேன். தாங்கள் விடுத்து, இதனுடன் நான் திருப்பி அனுப்பும் தண்டனை ஓலையில் அரக்கு உருக்கவில்லை.