ரேடியேட்டரோடு வந்த சீட்டு

பெரார்கஞ்ச்,
14.06.2025, சனிக்கிழமை, மாலை 4.20.
பட்டியலில் இருப்பது 31. மேஜை மேல் இருப்பது 32.

அன்புள்ள ஜெயராணி அக்காவுக்கு,

தம்பி கௌதம் எழுதுவது. நலம் விசாரிக்க எனக்குத் தகுதி இல்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன். நீ என் எண்ணை பிளாக் செய்து இன்றோடு பதினோரு நாள். அப்பாவின் போனிலிருந்து பேசலாம். ஆனால் அவர் போனை எடுத்தால் அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். இது அவர் காதில் விழக்கூடாத விஷயம். ஜம்புலிங்கம் மாமா மகள் சங்கவி நாளை மத்தியான விமானத்தில் காலேஜுக்குத் திரும்புகிறாள். ஹாஸ்டல் தாம்பரத்தில்தான், உன் வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போவாள். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

உனக்குக் கம்ப்யூட்டர் புரியாது என்று நானே முடிவு கட்டி, நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று இதுவரை சொன்னதில்லை. இப்போது சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் என் தப்பின் அளவு உனக்குத் தெரியாது.

கேம் ஆடுகிற கம்ப்யூட்டரில் இரண்டு சில்லுகள் பயங்கரமாகக் கொதிக்கும். எல்லோரும் அதன் மேல் ஒரு விசிறியை வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். நான் தண்ணீரில் குளிர வைப்பது என்று முடிவு செய்தேன். சில்லின் மேல் ஒரு செம்புக் கட்டை, அதற்குள் தண்ணீர், அங்கிருந்து ட்யூப், பம்ப், ரேடியேட்டர், மறுபடி ட்யூப். லாரி இன்ஜின் மாதிரிதான். ரெடிமேடாகக் கிடைக்கிறது. அதை வாங்கவில்லை. ஐஸ் பிளான்டில் டன் கணக்கில் குளிர வைக்கிறவன், டிப்ளமோ படித்தவன், ஒவ்வொரு பாகத்தையும் நானே தேர்ந்தெடுப்பேன் என்று கிளம்பினேன். ஏழு மாதம் தேர்ந்தெடுத்தேன். முதலில் வாங்கிய கட்டை என் கிராபிக்ஸ் கார்டுக்குப் பொருந்தாத மாடல் என்று பெட்டி மேல் இருந்த எண்ணிலேயே தெரிந்தது. அதே பெயரில் நாலு மாடல் இருக்கிறது, திருகு ஓட்டை மட்டும் ரெண்டு மில்லி தள்ளி. திருப்பி அனுப்பி மாற்றி வாங்க ஐந்து வாரம். ட்யூப் உள்ளே பத்து மில்லியா, பன்னிரண்டா என்று நாலு நாள். கூலன்ட் திரவம் என்பதால் விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்றார்கள். கப்பலில் வந்தது, நேற்று.

இதில் ஒரே ஒரு விதி மட்டும் மீற முடியாதது. கட்டை செம்பு என்றால் ரேடியேட்டரும் செம்பாகத்தான் இருக்க வேண்டும். அலுமினியம் சேர்த்தால் ஒரே தண்ணீரில் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும். இங்கே படகுத்துறை ஜெட்டியில் போட் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நம் தீவுப் பழக்கம் உனக்குத் தெரியும். பின்கோடு 744 என்று அடித்ததும் பாதிக் கடைகள் டெலிவரி இல்லை என்று கையை விரித்துவிடும். அதனால் யார் மெயின்லேண்ட் கிளம்பினாலும் கையில் ஒரு சீட்டைத் திணிப்போம். கல்யாணத்துக்குப் போகிறவனிடம் மிக்ஸி ஜார், பரீட்சைக்குப் போகிறவளிடம் கண்ணாடி ஃபிரேம். யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. பிப்ரவரியில் அப்பா வயிற்று வலியைக் காட்ட உன்னிடம் வந்தபோது நானும் திணித்தேன். ரேடியேட்டர், 360 மில்லி அளவு, ஒன்று.

18ஆம் தேதி செவ்வாய். நீ லீவு போட்டு அவரை டாக்டரிடம் கூட்டிப்போனாய். மறுநாளைக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள், அன்றைக்கு உனக்கு லீவு கிடைக்கவில்லை. சாயங்காலம் அப்பா தனியாக ரிச்சி தெருவுக்குப் போய் அங்கிருந்து எனக்கு போன் செய்தார். "தம்பி, இங்க இருக்கிறது அலுமினியம்டா. கையில தூக்கினாலே தெரியுது. கடைக்காரன் செம்புன்னு சாதிக்கிறான், பம்ப் ஹவுஸ்காரன்கிட்ட" என்று சிரித்தார். செம்பில் ஒன்றே ஒன்று குடோனிலிருந்து காலையில் வருமாம்.

நான் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன். "எழுதிக்கோங்கப்பா. காப்பர். அலுமினியம் வேண்டாம். முந்நூத்தி அறுபது. கால் இஞ்ச் மரை. நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் கடையில நில்லுங்க, விட்டா வேற எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்." அதற்கு அவர், "நாளைக்கு ஒரு வேலை இருக்கேடா" என்றார். "ரிட்டயர்டு ஆளுக்கு அப்படி என்னப்பா வேலை" என்றேன். ஸ்கேன் எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். எந்த நாள், எத்தனை மணி என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. அவரும் "சரி, நிக்கிறேன்" என்றார்.

வியாழக்கிழமை கப்பல் ஏறினார். ஹட்டோ ஜெட்டியில் நான் கூப்பிடப் போனபோது மூன்று நாளும் மடியில் வைத்திருந்த அட்டைப் பெட்டியை முதலில் நீட்டினார். ஸ்கேன் என்னாச்சு என்றதற்கு, "எடுத்தாச்சு, ஒண்ணுமில்லேன்னுட்டாங்க, ரிப்போர்ட் தபால்ல வரும்" என்றார். உன்னிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார். ஏப்ரலில் நீ ரிப்போர்ட் வந்ததா என்று கேட்டபோது, "நார்மல்னு சொல்லியாச்சு, சும்மா நோண்டாதே" என்று உன்னிடம் எரிந்து விழுந்தது நான்.

மே கடைசியில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஜூன் 2ஆம் தேதி இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பை வாயில் கட்டி. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பிப்ரவரி ஸ்கேன் ரிப்போர்ட் எங்கே என்றார். நார்மல் என்று வாயால் சொன்னதாகச் சொன்னேன். "நாலு மாசத்துக்கு முந்தி இது தெரியாமப் போக வாய்ப்பே இல்லை, கூடப் போனது யார்" என்றார். அந்தக் கேள்வியைத்தான் அப்படியே தூக்கிக்கொண்டு மறுநாள் உன் மேல் போட்டேன். "இன்னொரு நாள் லீவு போட முடியலையா, கம்பெனித் தையல் மிஷின் எழுந்து ஓடிப் போயிடுமா" என்று கேட்டேன். நீ போனை வைத்துவிட்டாய். அப்போது அப்பா கஞ்சி டம்ளரோடு பின்னால்தான் நின்றார். "அவளை ஏன்டா பேசுறே, அவ என்ன பண்ணுவா" என்றார். "நீங்க சும்மா இருங்க" என்றேன். சும்மா இருந்தார்.

இனி இன்றைய விஷயம். இந்த ஊர் உப்புக் காற்றுக்குப் பயந்து, எல்லாப் பாகமும் வந்து சேரும் வரை எந்தப் பெட்டியையும் பிரிப்பதில்லை என்று வைத்திருந்தேன். கூலன்ட் முப்பத்தொன்றாவது. இன்று மத்தியானம் ஒவ்வொன்றாகப் பிரித்து மேஜையில் அடுக்கி டிக் செய்தேன். ரேடியேட்டர் பெட்டியை அப்பா தன் கையால் மறுபடி கட்டியிருந்தார், சணல் போட்டு, அவர் முடிச்சு. உள்ளே தகட்டுக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவே நாலாக மடித்த ஒரு காகிதம்.

பம்ப் ஹவுஸில் முப்பத்திரண்டு வருஷம் ஸ்பேர் கட்டி வைத்த கை அது. ஸ்பேர் எதுவானாலும் அதன் அளவு எழுதிய சீட்டு அதோடேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஷிஃப்ட்காரன் தப்பாக மாட்டுவான். நம் வீட்டு டார்ச் பல்புக்குக்கூட அவர் சீட்டு கட்டி வைத்ததற்கு நாம் இருவரும் எத்தனை தடவை சிரித்திருப்போம்.

சீட்டில் பால்பாயின்ட் பேனாவில் அவர் எழுத்து: "காப்பர். அலுமினியம் வேண்டாம். 360. கால் இஞ்ச் மரை. நாளை 10 மணி." திருப்பினேன். ஸ்கேன் சீட்டு. பொன்னுத்துரை, வயது 62, 19.02.2025, காலை 9.30, வெறும் வயிற்றோடு வரவும். எடுத்து முடித்ததற்கான முத்திரை வைக்கிற கட்டம் காலியாக இருந்தது. நான் எழுதிக்கோங்க என்றபோது அவர் சட்டைப் பையில் இருந்த ஒரே காகிதம் அது.

அவரிடம் நேராகவே கேட்டேன், எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. கட்டிலில் சாய்ந்துகொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைத்தார். பத்து மணிக்குக் கடை வாசலில் நின்றாராம். கடைக்காரன் ஒரு மணிக்குத்தான் வந்தானாம். அதுவரை டீகூடக் குடிக்கவில்லை, வாங்கினதும் ஓடிப் போய் ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று. ரெண்டரை மணிக்கு அங்கே போனால், உங்கள் முறை போய்விட்டது, வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றார்கள். கப்பல் வியாழக்கிழமை. அடுத்த கப்பலுக்குப் பன்னிரண்டு நாள். "ஸ்கேன் எங்கயும் போயிடாதுடா. அந்தச் சாமான் அன்னிக்கு விட்டிருந்தா நீ மூஞ்சியைத் தூக்கி வச்சிருப்பே" என்றார். பிறகு, "ராணிகிட்டச் சொல்லாதே. அவ உன்னைத்தான் பேசுவா. எனக்கப்புறம் நீங்க ரெண்டு பேருதான்" என்றார்.

எனவே அக்கா, கேட்டுக்கொள். லீவு போடாதது உன் தப்பு இல்லை. நீ கூடப் போயிருந்தால் நடந்திருக்காது என்று இந்தப் பதினோரு நாளும் நீயே உன்னைக் குத்திக்கொண்டிருப்பாய். எனக்கு உன்னைத் தெரியும். அந்த ஊசியை எடுத்துக் கொடுத்தவன் நான். திருப்பிக் கொடு.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். தண்ணீர் தேவையே இல்லை. நல்ல விசிறி ஒன்று போதும். நான் கணக்குப் போட்டே பார்த்திருந்தேன். தண்ணீரில் ஓட்டினால் ஆறு டிகிரி கூடுதலாகக் குளிரும். ஆறு டிகிரி. அதற்காக ஒரு மனுஷனை வெறும் வயிற்றோடு மூன்று மணி நேரம் கடை வாசலில் நிறுத்தினேன்.

ரேடியேட்டரைத் தூக்கிப் பார்த்தேன். கனமாக இருந்தது. ஓரத்தில் பெயின்ட்டைச் சுரண்டினேன். செம்புதான். 31இல் முதல் தடவையிலேயே குறை சொல்ல முடியாமல் வந்தது அது ஒன்றுதான்.

அவருக்கு இப்போது கஞ்சித் தண்ணீர் மட்டும்தான் இறங்குகிறது. பதினாலு கிலோ குறைந்துவிட்டார். இன்று மேஜையில் இருந்த என் ட்யூபைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "பத்து மில்லியா, எனக்கு அவ்வளவு ஓட்டைகூட இல்லை போலருக்கு, வால்வு அடைப்பு" என்றார். சிரிப்பதா என்று தெரியாமல் வெளியே போய்விட்டேன். மெயின்லேண்டுக்கு ரெஃபர் செய்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. வர மாட்டேன் என்கிறார். "தண்ணி சுத்தட்டும், அதைப் பார்த்துட்டு வர்றேன்" என்கிறார். ஆபரேஷன் செய்கிற நிலையில் இருக்கிறதா என்று அங்கே பார்த்துத்தான் சொல்ல முடியுமாம். இங்கே டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல்தான் அதைச் சொன்னார். எனக்கு நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இருப்பதாக உனக்கு எழுதி ஏமாற்றவும் தெரியவில்லை.

மன்னிப்பு என்று எழுதி அடித்துவிட்டேன், பார்த்திருப்பாய். அதை இப்போது கேட்பது உன்னிடம் இன்னொரு சீட்டைத் திணிப்பது மாதிரி. நீயாவது நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் தம்பி,
கௌதம்.

பட்டியல் போடாமல் எனக்கு எந்த வேலையும் ஓடாது. இனி செய்யப் போவது:

1. நாளை காலை ரேடியேட்டர், பம்ப், ட்யூப் மூன்றை மட்டும் மேஜையில் இணைத்துத் தண்ணீரைச் சுற்ற விட்டு அப்பாவுக்குக் காட்டுவேன். கம்ப்யூட்டரைக் கட்ட மாட்டேன். கசிவு இருக்கிறதா என்று இருபத்துநாலு மணி நேரம் பார்க்க வேண்டும் என்பது முறை. பார்க்க மாட்டேன்.

2. திங்கள்: பிளான்டில் விடுப்பு. தரவில்லை என்றாலும் விடுப்பு. ரெஃபரல் தாளில் கையெழுத்து, முத்திரை. கட்டம் காலியாக இருக்கிறதா என்று நானே பார்ப்பேன்.

3. புதன் 18ஆம் தேதி, காலை விமானம், இரண்டு டிக்கெட். சென்னையில் 11.40க்கு இறங்குவோம். யார் சீட்டுக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

4. ஸ்கேன் அறைக்கு வெளியே உட்காருவேன். வேறு எங்கும் போக மாட்டேன்.

5. நீ விமான நிலைய வாசலுக்கு வந்தால் என்னிடம் பேச வேண்டாம், அவர் கையைப் பிடித்துக்கொள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறேன்.

6. நீ வரவில்லை என்றால், அக்காவுக்கு ஷிஃப்ட், லீவு கிடைக்கவில்லை என்று அப்பாவிடம் சொல்வேன். அவர் நம்பியது போலக் காட்டிக்கொள்வார்.